ஃபைட் என் ரேஜ்: பட்டனைத் தட்டினால் மட்டும் போதுமா?

கேள்வி, மார்ச் 2

எல்லாரும் ஃபைட் என் ரேஜ் என்ற வீடியோ கேமைத் தலையில் தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறாங்க. நானும் அரை மணி நேரம் ஆடிப் பார்த்தேன். நடக்கிறோம், நாலு பேர் வர்றாங்க, அடிக்கிறோம், மறுபடி நடக்கிறோம். பீட் எம் அப் (கூட்டமா வர்ற எதிரிகளை அடிச்சுக்கிட்டே முன்னேறுற கேம்) என்றாலே பட்டனைத் தட்டிக்கிட்டே இருக்கிற வேலைதானே? முப்பது வருஷத்துக்கு முந்தின ஆட்டத்தைப் புதுசு மாதிரி விக்கிறதுக்கு ஏன் இவ்வளவு புகழ்?

மார்ச் 2, இரவு

தட்டிக்கொண்டே இருந்தால் முதல் ஸ்டேஜ் தாண்டிவிடும், உண்மைதான். அரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட அந்த இடம் வரைக்கும்தான் வந்திருப்பீர்கள். அதற்கப்புறம் வருகிறவர்கள் சும்மா நின்று அடி வாங்க மாட்டார்கள். ஒருவன் முன்னால் நின்று உங்களைப் பிடித்து வைத்திருப்பான். இன்னொருவன் மெதுவாகத் திரையின் மேல் வரிசை வழியாகச் சுற்றி முதுகுப் பக்கம் வந்துவிடுவான். நீங்கள் அடிக்கிற காம்போ (தொடர் அடி) பாதியில் இருக்கும்போது பின்னாலிருந்து ஒன்று விழும். அந்த இடத்தில் எவ்வளவு வேகமாகத் தட்டியும் பயனில்லை.

இந்த வகை கேமில் விரலுக்கு வேலை குறைவு. எங்கே நிற்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி ஆட்டம் இருக்கிறது. கபடியில் ரெய்டுக்குப் போகிறவரைக் கவனித்திருப்பீர்கள். எதிரணி ஏழு பேரும் கண்ணுக்கு முன்னால் இருக்கும் வரைக்கும் அவருக்குக் கவலையில்லை. ஓரத்தில் நின்றவர் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டால் கதை முடிந்தது. ஃபைட் என் ரேஜ் முழுக்க முழுக்க அந்த ஒரு பயத்தின் மேல் கட்டிய கேம். அதை இவ்வளவு சுத்தமாகச் செய்தவர்கள் குறைவு. அதனால்தான் இத்தனை பேச்சு.

மார்ச் 3, காலை

கேம் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறோம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அவர்களுக்காக.

உருகுவே நாட்டுக்காரர் செபாஸ்டியான் கார்சியா ஏறக்குறைய தனி ஆளாகச் செய்தது. இசை மட்டும் கொன்சாலோ வரேலா. 2017 செப்டம்பரில் கணினிக்கு வந்தது, 2019இல் கன்சோல்களுக்கும் போனது. கதை பெரிதாக ஒன்றுமில்லை: பெரிய அழிவுக்குப் பிறகு விலங்கு உருவம் கொண்ட மியூட்டண்ட்கள் மனிதர்களை அடிமையாக வைத்திருக்கிறார்கள், அதை எதிர்த்து மூன்று பேர் கிளம்புகிறார்கள். கேல் என்ற பெண், வேகக்காரி. எஃப். நாரிஸ், நிஞ்ஜா மாதிரி ஆள். ரிக்கார்டோ, மாட்டுத் தலையோடு இருக்கிற மியூட்டண்ட், ஆனால் மனிதர்கள் பக்கம் நிற்பவர். மூன்றே பட்டன்: அடி, குதி, ஸ்பெஷல். ஒரே திரையில் மூன்று பேர் வரைக்கும் சேர்ந்து ஆடலாம். போகிற வழியில் பாதைகள் பிரியும். யாரோடு ஆடுகிறோம், எந்தப் பாதையில் போகிறோம் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும். ஒரு முறை முழுதாக ஆட ஒரு மணி நேரம் போல ஆகும்.

ஒரு மணி நேரம்தானா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இந்த வகைக்கு அதுதான் சரியான நீளம். ஆறு மணி நேரம் இழுத்திருந்தால் இரண்டாம் முறை யாரும் தொட மாட்டார்கள். இதையோ முடித்த கையோடு வேறு ஆளை எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்கத் தோன்றுகிறது.

மார்ச் 3, மாலை

"முப்பது வருஷத்துக்கு முந்தின ஆட்டம்" என்று கேள்வியில் வந்ததால் முஸ்தபாவைப் பற்றிப் பேசாமல் போக முடியாது.

காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் என்று அந்த கேமுக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்குக் கல்லூரி வந்த பிறகுதான் தெரியும். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடையில் அது முஸ்தபாதான். ஜாக், ஹன்னா, மெஸ் என்று இன்னும் மூன்று பேர் இருந்தும் மஞ்சள் தொப்பிக்காரன் பெயரே கேமின் பெயராகிவிட்டது. 1993இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்டது. மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த சித்திரக்கதையிலிருந்து எடுத்த கதை.

அந்தக் கடையில் நான் ஆடியதைவிட நின்று பார்த்ததுதான் அதிகம். மெஷினில் இடது பக்க ஜாய்ஸ்டிக் தளர்ந்து போயிருக்கும், மேலே தள்ளினால் ஒரு கணம் கழித்துத்தான் ஆள் நகரும். அதனால் தெரிந்தவர்கள் வலது பக்கம்தான் பிடிப்பார்கள். வழக்கமாக வருகிற ஒரு அண்ணன் இருந்தார், ஒர்க்‌ஷாப்பில் வேலை, கையில் கிரீஸ் வாடையோடு வருவார். மெஸ்ஸைத்தான் எடுப்பார், முஸ்தபாவைத் தொடவே மாட்டார். அவர் ஆட்டத்தில் நான் கவனித்தது ஒன்றுதான்: திரையின் நடுவில் நிற்கவே மாட்டார். கூட்டம் வந்ததும் நேராக மேலேயோ கீழேயோ இறங்கி, எல்லாரும் ஒரே பக்கம் வந்து குவிகிற வரைக்கும் காத்திருப்பார். அப்புறம் ஒருவனைப் பிடித்து மற்றவர்கள் மேல் எறிவார். நாலு பேர் ஒன்றாக விழுவார்கள். "எறியறதுக்கு ஆள் இருக்கும்போது எதுக்குடா குத்தணும்" என்பார். முதல் குறிப்பில் நான் சொன்னது எல்லாம் அவரிடம் நின்று பார்த்துக் கற்றது.

முஸ்தபாவை வீட்டுக் கன்சோலுக்குக் கொண்டுவரவே இல்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை. செகா சிடி என்ற கன்சோல் கருவிக்கு அதே பெயரில் 1994இல் ஒன்று வந்தது, அது கார் ஓட்டிச் சுடுகிற வேறு ஆட்டம். 2018இல் கேப்காம் தன் பழைய அடிதடி கேம்கள் ஏழைத் தொகுத்து வெளியிட்டபோதும் இது அதில் இல்லை. ஃபைனல் ஃபைட் இருந்தது, கேப்டன் கமாண்டோ இருந்தது, நைட்ஸ் ஆஃப் த ரவுண்ட் இருந்தது. முஸ்தபாவுக்கு மட்டும் இடமில்லை.

மார்ச் 4

ஸ்பெஷல் பட்டன் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்த கேமின் மூளை அங்கேதான் இருக்கிறது.

பழைய கேம்களில் அடியும் குதியும் சேர்த்து அழுத்தினால் ஆள் ஒரு சுற்றுச் சுற்றுவார், பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் தெறிப்பார்கள். அதற்கு விலையாக உங்கள் உயிர்க்கோட்டில் கொஞ்சம் குறையும். 1989இல் ஃபைனல் ஃபைட் இதைச் செய்தது, அப்புறம் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், முஸ்தபாவிலும் உண்டு. காயின் போடுகிற மெஷினுக்கு இது கச்சிதமான ஏற்பாடு. மாட்டிக்கொண்டால் தப்பிக்கலாம், ஆனால் தப்பிக்கிற ஒவ்வொரு முறையும் அடுத்த காயினுக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய்விடுகிறோம். அதனால் கையில் காசு குறைவாக இருந்த எங்களைப் போன்ற பையன்கள் ஸ்பெஷலைத் தொடவே மாட்டோம். செத்தாலும் பரவாயில்லை என்று குத்திக்கொண்டே நிற்போம். அந்த கேமில் இருந்ததிலேயே அழகான அசைவு அதுதான், அதைக் கடைசி வரைக்கும் கஞ்சத்தனமாகவே வைத்திருந்தோம்.

கார்சியா அந்த முடிச்சை அவிழ்த்த விதத்தைப் பாருங்கள். உயிர்க்கோட்டுக்குப் பக்கத்தில் எஸ்பி என்று இன்னொரு கோடு. அது தானாக நிரம்பிக்கொண்டே இருக்கும். நிரம்பியிருக்கும்போது ஸ்பெஷல் போட்டால் உயிர் குறையாது. நிரம்பாதபோது போட்டால் பழைய கணக்குப்படி உயிரிலிருந்து பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான், வேறு எதையும் அவர் மாற்றவில்லை. ஆனால் இந்த ஒரு மாற்றத்தில் ஆட்டத்துக்கு ஒரு தாளம் வந்துவிடுகிறது. கோடு நிரம்புகிறது, செலவழிக்கிறோம், மறுபடி நிரம்புகிற வரைக்கும் காலால் பிழைக்க வேண்டும். அந்த இடைவெளியில் எங்கே நிற்கிறோம், யாரை முன்னால் வைத்திருக்கிறோம் என்று யோசித்தே ஆக வேண்டியிருக்கிறது. பயமும் போகவில்லை, அந்த அழகான அசைவும் கைக்கு வந்துவிட்டது.

ஆடி முடித்ததும் கேமுக்குள்ளேயே காயின்கள் தருவார்கள். அதை வைத்து உடைகள், கூடுதல் ஆட்ட முறைகள், எதிரிகளையே ஆடுகிற வசதி எல்லாம் திறக்கலாம். நிஜப் பணம் ஒரு பைசா கேட்பதில்லை. காயின் போட்டு ஆடி வளர்ந்தவன் என்ற முறையில், ஆடினதற்காக ஒரு கேம் எனக்குக் காயின் தருவது எனக்குப் பெரிய விஷயம்.

மார்ச் 4, சற்று முன்

பேரி, அதாவது வருகிற அடியைச் சரியான கணத்தில் தட்டிவிடுவது, எப்படிச் செய்வது என்று கேட்டவருக்கு: அடி வந்து விழுவதற்குச் சற்று முன்னால், அடி வருகிற பக்கமாகத் திசையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பட்டன் கிடையாது. அழுத்திப் பிடித்தால் வேலை செய்யாது, தட்டிவிட்டு விட வேண்டும். முதலில் தனியாக மாட்டுகிற எதிரியிடம் பழகுங்கள். கூட்டத்துக்கு நடுவில் முயன்றால் வெறுத்துப் போய்விடும்.

மார்ச் 6

அக்கா மகன் வந்திருந்தான், பத்தாவது படிக்கிறான். துப்பாக்கி கேம் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத வயது. "என்ன மாமா இது, ஃபோன் கேம் மாதிரி இருக்கு" என்றுதான் ஆரம்பித்தான். ரிக்கார்டோவை எடுத்தான், மாட்டுத் தலை பிடித்துப்போய்விட்டது. அன்று முழுக்க "மாட்டு மாமா, மாட்டு மாமா" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

முதலில் அவனும் தட்டினான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனாகவே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான்: எதிரிக்குப் பக்கத்தில் நடந்து போனால் அடிக்காமலே பிடித்துவிடலாம் என்று. அப்புறம் பிடித்தவனை எறிந்தால் வழியில் நிற்கிறவர்களும் விழுகிறார்கள் என்று. ஒரு கட்டத்தில் நான் கேலை வைத்துக்கொண்டு மூன்று பேருக்கு நடுவில் மாட்டியிருந்தேன். அவன் மேலே இருந்து இறங்கி வந்து ஒருத்தனைத் தூக்கி என் பக்கம் எறிந்தான், மூன்று பேரும் சரிந்தார்கள். "மாமா, நீங்க அடிக்காதீங்க, இந்தப் பக்கம் கூட்டிட்டு வாங்க, நான் எறியறேன்" என்றான். ஒர்க்‌ஷாப் அண்ணனை இவன் பார்த்ததுகூட இல்லை. கேமே அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டது. எழுதிக் காட்டுகிற டுடோரியல் எதுவும் தேவைப்படவில்லை.

சேர்ந்து ஆடும்போது கேல் ஆளை இழுத்துக்கொண்டு வருவதும், ரிக்கார்டோ வாங்கி முடிப்பதும் இயல்பாக அமைந்துவிடுகிறது. மூன்று பேருடைய வேகத்தையும் பலத்தையும் இப்படி ஒன்றுக்கொன்று தேவைப்படுகிற மாதிரி வைத்ததற்குத் தனிப் பாராட்டு.

மார்ச் 7

ஒரு சகோதரி எழுதியிருந்த குறையை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பெண் பாத்திரங்களை வரைந்திருக்கும் விதம். கேல் முதல் பெண் எதிரிகள் வரைக்கும் உடை என்ற பெயரில் ஏதோ துணி இருக்கிறது, அவ்வளவுதான். 90களின் ஆர்கேட் (காயின் போட்டு ஆடுகிற மெஷின்) போஸ்டர்கள் அப்படித்தான் இருந்தன, அதற்கு மரியாதை செய்கிறார் என்று சிலர் பதில் சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஸ்பெஷல் பட்டனில் பழையதை எடுத்து எது நல்லது, எது மெஷின்காரனுக்காக வைத்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர், இங்கேயும் அதைச் செய்திருக்கலாம். அக்கா மகனோடு உட்கார்ந்து ஆடியபோது சில காட்சிகளில் நான் நெளிந்தேன். வீட்டில் எல்லாரும் இருக்கும்போது ஆடுவதற்கு முன் ஒரு முறை நீங்களே ஆடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமின் மற்ற எல்லாவற்றையும் நான் மனதாரப் புகழ்கிறேன் என்பதால்தான் இதையும் சொல்கிறேன்.

மார்ச் 9

"அவ்வளவு நல்ல வகை என்றால் ஏன் அழிந்தது?" நல்ல கேள்வி. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1986இல் டெக்னாஸ் நிறுவனத்தில் யோஷிஹிசா கிஷிமோட்டோ குனியோ கேமைச் செய்தார். தன் பள்ளிக்கூட நாட்களின் சண்டைகளை வைத்துச் செய்தது. வெளிநாட்டில் ரெனகேட் என்ற பெயரில் வந்தது. அதுவரை பக்கவாட்டில் ஒரே கோட்டில் நடந்த சண்டையை அவர் மேலும் கீழும் நடக்கிற தரையாக மாற்றினார். நான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிற "எங்கே நிற்கிறோம்" அங்கேதான் பிறந்தது. அடுத்த வருடமே டபுள் டிராகன், இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். முழங்கை அடி ஒன்றை வைத்தே முக்கால்வாசி கேமை முடித்துவிடலாம் என்ற ஓட்டை இருந்தும் உலகம் முழுக்க ஓடியது. கடைசியில் இருவரும் உயிரோடு இருந்தால் மேரியன் என்ற பெண்ணுக்காக ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் எத்தனை நட்பு கசந்ததோ!

1989இல் ஃபைனல் ஃபைட். பெரிய பெரிய உருவங்கள், அடி விழுந்தால் உடம்பில் உணர்கிற மாதிரி ஒரு கனம். அதே ஆண்டு கோல்டன் ஆக்ஸ், நாலு பேர் ஆடுகிற, நிஞ்ஜா ஆமைகளின் டர்ட்டில்ஸ். 1992இல் கோனாமி இரண்டு திரையைச் சேர்த்து வைத்து ஆறு பேர் ஆடுகிற எக்ஸ்மென்னைக் கொண்டுவந்தது. அதுதான் உச்சம் என்று நினைக்கிறேன்.

இடையில் 1991இல் இரண்டு பேர் நேருக்கு நேர் மோதுகிற ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்துவிட்டது. அதில் தோற்றவன் ஓரிரு நிமிடத்தில் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும், அல்லது இன்னொரு காயின் போட வேண்டும். முஸ்தபாவில் நன்றாக ஆடுகிற ஒருவர் ஒரே காயினில் நெடுநேரம் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைக்காரர் எதை வாங்கி வைப்பார்? எங்கள் கடையிலேயே ஒர்க்‌ஷாப் அண்ணன் உள்ளே வந்தால் கடைக்காரர் முகம் மாறும். அப்புறம் வீட்டுக் கன்சோல்கள் 3டிக்குப் போன காலத்தில் இந்த வகை அங்கே சரியாக ஒட்டவில்லை. ஆழம் தெரிகிற உலகத்தில் எதிரி எந்த வரிசையில் நிற்கிறான் என்று கண் பிடிக்கத் தடுமாறுகிறது.

வீட்டுக்கு வந்த பிரதிகளும் கொஞ்சம் கெடுத்தன. 1990இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த ஃபைனல் ஃபைட்டில் கை இல்லை, இரண்டு பேர் ஆடும் வசதி இல்லை, ஒரு ஸ்டேஜே இல்லை. ஒரே நேரத்தில் திரையில் வருகிற ஆட்களும் குறைவு. கூட்டத்தைச் சமாளிப்பதே ஆட்டமாக இருக்கிற கேமில் கூட்டத்தைக் குறைத்தால் மிச்சம் பட்டன் தட்டுவதுதான். வீட்டில் அதை மட்டும் ஆடியவர்களுக்கு இந்த வகை சலித்துப் போனதில் ஆச்சரியமே இல்லை.

மார்ச் 10

கை என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஆள் பெயர். ஃபைனல் ஃபைட்டில் ஹேகர், கோடி, கை என்று மூன்று பேர், அதில் சிவப்பு உடை போட்ட நிஞ்ஜாக்காரர்.

மார்ச் 10, இரவு

இசையைப் பற்றி இன்னும் ஒன்றுமே எழுதவில்லை. வரேலாவின் கிடார் முதல் நொடியிலிருந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. ஹெட்ஃபோன் போட்டு ஆடுங்கள். அடி விழுகிற சத்தத்தையும் கவனியுங்கள். விழுகிற கணத்தில் படம் ஒரு இமைப்பொழுது அப்படியே நிற்கும், சத்தம் அந்த நிறுத்தத்துக்குள் விழும். ஃபைனல் ஃபைட்டில் நமக்குப் பிடித்த அந்தக் கனம் இதிலிருந்துதான் வருகிறது. நிறுத்தம் கொஞ்சம் நீண்டால் கேம் மந்தமாகிவிடும், குறைந்தால் காற்றில் குத்துவது போல் இருக்கும். இதில் அளவு கச்சிதம்.

பழைய டிவி மாதிரி கோடு போட்டுக் காட்டுகிற ஃபில்டர்களும் இருக்கின்றன. நான் அதைப் போட்டுத்தான் ஆடுகிறேன். பிக்சல்களின் விளிம்பு மென்மையாகி, வரைந்தவர் மனதில் இருந்த நிறம் அதில்தான் தெரிகிறது.

மார்ச் 12

ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4 என்ற இன்னொரு பீட் எம் அப் இதைவிட நல்லதா? 2020இல் வந்தபோது முதல் நாளே வாங்கினேன். கையால் வரைந்த படங்கள், அந்த அழகுக்குப் பக்கத்தில் வேறு எதுவும் நிற்காது. அவர்கள் ஸ்பெஷல் கணக்கை வேறு விதமாகத் தீர்த்தார்கள்: ஸ்பெஷல் போட்டால் போகிற உயிர் பச்சையாக நிற்கும், அடி வாங்காமல் எதிரிகளை அடித்தால் திரும்ப வந்துவிடும். அடி விழுந்தால் மொத்தமும் போச்சு. ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. அது உங்களை முன்னால் தள்ளுகிறது, பாய்ந்து அடிக்கச் சொல்கிறது. ஃபைட் என் ரேஜின் எஸ்பி கோடு பின்வாங்கி நிற்கவும் அனுமதிக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், நின்று பார்த்துப் பழகிய ஆள் என்பதால் இருக்கலாம். சண்டை போடப் பிடித்தவர்களுக்கு அது, கூட்டத்தை மேய்க்கப் பிடித்தவர்களுக்கு இது.

2022இல் ட்ரிப்யூட் கேம்ஸ் செய்த டர்ட்டில்ஸ் கேம் குழந்தைகளோடு ஆட மூன்றிலும் சிறந்தது. ஆறு பேர் வரைக்கும் சேரலாம், யாரும் நெளிய வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த இரண்டுக்கும் பின்னால் பெயர் பெற்ற தொடர்கள், பல பேர் கொண்ட குழுக்கள். ஃபைட் என் ரேஜின் பெயர் தெரிந்து வாங்கியவர் யாரும் இல்லை. ஒரு ஆள் உட்கார்ந்து, ஒவ்வொரு எதிரியும் எந்த நேரத்தில் சுற்றி வர வேண்டும், எந்த நேரத்தில் காத்திருக்க வேண்டும் என்று பொறுக்கிப் பொறுக்கி வைத்திருக்கிறார். ஆடினவர்கள் வாயால் சொல்லிச் சொல்லித்தான் இது பரவியது. நானும் அப்படித்தான் வந்தேன்.

மார்ச் 15

முதல் கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்திருக்கிறார், ரொம்ப சந்தோஷம். "எறிந்து பார்த்தேன், நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்றாவது நாலாவது ஆள் எப்போதும் பின்னால் வந்துவிடுகிறான்" என்கிறார். எப்படி நடக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நேராக எதிரியை நோக்கிப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் போனால் இரண்டு பக்கமும் திறந்துவிடும்.

நான் செய்வது இது. கூட்டம் திரைக்குள் வந்ததும் கேலைத் தரையின் கீழ் விளிம்புக்குக் கொண்டுபோகிறேன். அங்கே கீழ்ப் பக்கம் யாரும் வர முடியாது, ஒரு திசைக் கவலை குறைந்தது. இடது பக்கம் இருக்கிறவர்களைத் தாண்டி இடது ஓரத்துக்கு ஓடுகிறேன். திசையை இரண்டு முறை தட்டினால் ஓட்டம். எல்லாரும் திரும்பி என்னை நோக்கி வருவார்கள், ஒரே பக்கமாக. எதிரி உங்களுடைய அதே வரிசைக்கு வந்தால்தான் அவன் குத்து உங்கள் மேல் படும். அதனால் அவன் வரிசைக்கு இறங்குகிற அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருங்கள். இறங்கி முடிப்பதற்குள் நீங்கள் முதல் அடியை வைத்துவிடலாம். முதல் ஆள் வந்ததும் இரண்டு குத்து, அப்படியே நெருங்கிப் பிடித்து, வருகிற கூட்டத்தின் மேல் எறி. விழுந்தவர்கள் ஒரே நேரத்தில் எழ மாட்டார்கள், கொஞ்சம் முன்பின்னாக எழுவார்கள். அந்த இடைவெளியில் ஒவ்வொருவராக எடுக்கலாம். எஸ்பி நிரம்பியிருந்தால் அதை இந்த நேரத்தில் செலவழிக்க வேண்டாம். தப்பித் தவறி ஒருவன் முதுகுப் பக்கம் வந்துவிட்டால் அப்போது உதவும்.

திரையின் ஓரத்தில் ஒருவனைக் காற்றில் தூக்கிவிட்டால் விழ விடாமல் தொடர்ந்து அடிக்கலாம் என்பதும் உண்மை. காணொளிகளில் பார்த்து எல்லாரும் அதைத்தான் முதலில் பழகப் பார்க்கிறார்கள். அதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். நிற்க இடம் பிடிக்கத் தெரிந்த பிறகு அந்த நேரம் தானாகக் கிடைக்கும்.

மார்ச் 16

மேலே சொன்னதோடு ஒன்று. கீழ் விளிம்பு எப்போதும் சரிவராது. தூரத்திலிருந்து எறிகிற ஆட்கள் இருக்கும்போது அங்கே போய் ஒண்டினால் தப்பிக்க வழியில்லாமல் போகும். அப்படிப்பட்டவர்கள் திரையில் தெரிந்தால் நடு வரிசையில் இருந்துகொண்டு அவர்களை முதலில் முடித்துவிடுங்கள், அப்புறம் கீழே இறங்கலாம்.

ஃபைனல் ஃபைட்டிலும் ஒரு பழைய தந்திரம் உண்டு. இரண்டு குத்து விட்டு, ஒரு கணம் எதிர்ப்பக்கம் திரும்பிக் காற்றில் ஒரு குத்து, மறுபடி திரும்பி இரண்டு குத்து. காம்போ முடியாமல் முதலிலிருந்து தொடங்கிக்கொண்டே இருக்கும், எதிரி நின்ற இடத்திலேயே வாங்கிக்கொண்டு நிற்பான். அது அந்த கேமுக்கு மட்டும், இதில் கைகொடுக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

மார்ச் 19

கீபோர்டில் ஆடலாமா என்ற கேள்விக்கு: ஆடலாம், ஆனால் பேரி பழகும்போது கஷ்டப்படுவீர்கள். சாதாரண யூஎஸ்பி கன்ட்ரோலர் போதும். அனலாக் குச்சியைவிடத் திசைப் பட்டன்களில் ஆடுங்கள், ஒரு தட்டு ஒரு தட்டாகவே பதிவாகும். இரண்டு பேர் ஆடினால் ஒருவருக்குக் கீபோர்டு கொடுப்பதாக இருந்தால் அவரை ரிக்கார்டோ எடுக்கச் சொல்லுங்கள். அவருக்கு ஓட்டம் குறைவு, பிடிப்பதும் எறிவதும்தான் வேலை.

புதிதாகத் தொடங்குகிற மற்றவர்கள் கேலில் ஆரம்பிப்பது நல்லது. வேகம் இருப்பதால் இடம் தவறி நின்றாலும் ஓடித் திருத்திக்கொள்ளலாம். பயிற்சி முறையில் அரை மணி நேரம், அப்புறம் நேராக ஆர்கேட் என்ற முழு ஆட்டம். கஷ்ட அளவை ஏற்றுவதற்கு முன் மூன்று பேரையும் ஒரு முறையாவது எடுத்து முடித்துவிடுங்கள். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் அடிக்கடி விலை குறைகிறது, விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால் தகவல் வந்துவிடும்.